தள்ளிவிட ஓர் ஆள்

பிரேக் இல்லாத, ஒரே கியர் உள்ள மோட்டார் சைக்கிளில், மண் தடத்தில் இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓடுவதுதான் என் தொழில். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "அது சரி, வேலை என்ன?" என்பதுதான்.

என் பெயர் ஷாந்தன். டென்மார்க்கில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஸ்வீடனில் ஓடினேன், போலந்தில் ஓடினேன், அங்கே விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டதும் குழு என்னைக் கைகழுவிவிட்டது. இப்போது கலிஃபோர்னியா. சான்டா கிளாராவில் ஞானேஸ்வரன் மாமா வீட்டில், கராஜில் என் பைக்கும் மேல் அறையில் நானும்.

மாமா அம்மாவின் தம்பி, நல்ல மனிதர். ஆனால் வருகிறவர்களிடம் என்னை, "மெக்கானிக்கல் லைன்ல இருக்கிறார்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். சீசன் முழுக்க ஒரு ரேஸுக்குக்கூட அவரும் நிருஜா மாமியும் வந்ததில்லை. அவர்களுக்கு வார இறுதி என்றால் யாருடையதாவது பிறந்தநாள், இல்லாவிட்டால் அரங்கேற்றம். ஊரே கூடும் அந்த வீட்டில் நான் தனிமரம்.

இறுதிப் போட்டி வந்தது. முதல் இரண்டு இடங்களில் வந்தால் பழைய போலந்துக் குழு என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இந்த பைக்குக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னால் ஒருவர் ஓடித் தள்ளினால்தான் என்ஜின் உயிர் பெறும். அதுவரை தள்ளிய மெக்கானிக், மனைவிக்குக் குழந்தை பிறந்ததென்று டென்மார்க்குக்குப் பறந்துவிட்டான். மாமாவிடம் கேட்டேன்.

"தள்ளுறதுதானே? அதுக்கென்ன தம்பி, நான் வாறன். பத்மநாபன்ட மகளுக்கு பர்த்டே பார்ட்டி. தலையைக் காட்டிப்போட்டு நேரா அங்க ட்ரைவ் பண்ணி வாறம்."

எங்கள் ஆட்கள் தலையைக் காட்டப் போனால் உடம்பு திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் நம்பினேன். அவ்வளவு ஆசை.

ஞாயிறு பின்னேரம். முதல் சுற்றுகளில் பக்கத்துக் கூடாரத்து ராய் என்ற கிழவர் தள்ளிவிட்டார். நால்வர் ஓடும் கடைசிச் சுற்றுக்கு என்னோடு அவருடைய மகனும் தேறியிருந்தான். மகனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், எனக்குத் தானே தள்ளுவதாகவும் சொன்னார்.

"வேண்டாம், என் மாமா வருகிறார்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! மாமா வந்து நிற்கும்போது வேறொருவர் தள்ளினால் அவர் முகம் சுண்டிப்போகாதா? சொந்தக்காரரை அப்படி நிற்க வைக்கக் கூடாது என்பது அம்மாவின் வளர்ப்பு.

ராய் மகனிடம் போய்விட்டார். நான் போன் செய்தேன். மாமிதான் எடுத்தார். பின்னால் ஒரே சிரிப்பும் பாட்டும்.

"கேக் இன்னும் வெட்டேல்லையப்பு. வெட்டாமல் எப்பிடி வெளிக்கிடுறது? அவை குறை நினைப்பினம்."

இரண்டு நிமிடத்துக்குள் தொடக்கக் கோட்டுக்கு வரச் சொல்லும் மணி அடித்தது. மற்ற மூவரும் தடத்துக்குப் போய்விட்டார்கள். தனியாக பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என்ஜின் ஒருமுறை செருமிவிட்டுச் செத்தது. மறுபடி ஓடினேன். பழைய தோள் விண்ணென்று வலித்தது. நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. நான் போட்டியிலிருந்து நீக்கப்பட்டேன். மூன்று பேர் ஓடிய ரேஸை வேலியோரம் நின்று பார்த்தேன். அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மாமா ஓடி வந்தார். பட்டுக் குர்தா, கையில் ஃபாயில் சுற்றிய கேக். பின்னால் மூச்சிரைக்க மாமி.

"எங்க தம்பி, இப்ப தள்ளவோ?"

கத்த வாயெடுத்தேன். அவர் குர்தாக் கையைச் சுருட்டிக்கொண்டு பைக்குக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"ஓம் மாமா, பைக் ஏத்துற வான் வரைக்கும் தள்ளுங்கோ" என்றேன்.

நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, மாமா குனிந்து முழுப் பலத்தோடு தள்ளினார். வானடிக்கு வந்ததும் நிமிர்ந்து சிரித்தார்.

"இவ்வளவு லேசோ! இதுக்கோ ஆள் தேடினனீ?"

"ஓம் மாமா," என்றேன். "இதுக்குத்தான்."