முன்சக்கரங்கள்

ஜீப்பின் அடியிலிருந்து ஜூடியின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன்சக்கரங்களுக்கு நடுவே, அவற்றைச் சுழற்றும் பல்சக்கரங்கள் இருக்க வேண்டிய இரும்பு உருண்டையை அவள் சுத்தியலால் தட்டினாள். காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த கஸ்பார் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“பெரிப்பா, உள்ள ஒண்ணுமே இல்ல. முன்னாடி கிரௌனும் இல்ல, ஷாஃப்டும் இல்ல. யாரோ கழட்டிட்டு மூடிய மட்டும் முடுக்கி வச்சிகீறாங்க.”

பட்டறை வெல்டர் வல்லரசு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“நான் சொன்னா கேட்டியா? ஃபோர் வீலு ஃபோர் வீலுன்னு ஊரெல்லாம் சீன் போட்டியே. இது டூ வீலு ஜூடி. முன்னாடி ரெண்டும் சும்மா வாட்ச்மேன் மாதிரி கூட வந்துகினு கீது.”

திருவொற்றியூரில் லாரிகளுக்கு பாடி கட்டும் அந்தப் பட்டறையில் ஒரு மாதமாக இதே வாக்குவாதம். பழவேற்காட்டுப் பக்கம் மணலில் நடக்கப்போகும் வண்டிப் பந்தயத்துக்கு ஜூடி பெயர் கொடுத்திருந்தாள். பழைய ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு ஓட்டலாம் என்பது அவள் கட்சி. அது கிழட்டு யானை, எஞ்சினையும் கியரையும் மட்டும் பிடுங்கி, குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டி ஒரு பக்கி வண்டி செய்தால் மணல் மேல் நண்டு மாதிரி ஓடும் என்பது வல்லரசுவின் கட்சி. கஸ்பார் இடையில் நின்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். “மாத்தறதா இருந்தா மாத்து. அறுக்கக் கூடாது.”

அறுக்கக் கூடாத வண்டிதான் அது. அவருடைய அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்து ராயபுரத்துக்குக் கொண்டுவந்தபோது அந்தத் தெருவில் வேறு மோட்டார் வண்டியே கிடையாது. வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போனது அதில்தான். வீட்டில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் கல்லறைக்குப் போனதும் அதில்தான். துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் இயக்கி ஓய்வு பெற்ற கஸ்பார், எழுபத்தொரு வயதிலும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் கையால் துடைத்து, தானே ஓட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். வண்டி வருவதைப் பார்த்துத் தெருவில் எழுந்து நிற்பவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

ஜூடி அவருடைய தம்பி ஆண்ட்ரூவின் மகள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஆண்ட்ரூ இந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். வண்டி எண்ணூரில் கழிமுகத்துக்குப் பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தது. ஆள் இல்லை. ஐந்தாம் நாள், அவனைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண்ணோடு ரயிலேறப் பார்த்ததாக ஒருத்தன் கஸ்பாரின் காதருகே வந்து சொன்னான். கஸ்பார் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, இதை இன்னொருத்தரிடம் சொன்னால் நாக்கு இருக்காது என்றார். அன்றைக்கே ஜீப்பில் வடக்கே போனார். பத்தாம் நாள் ஆணியடித்த பெட்டியோடு திரும்பினார். கடல் ஒதுக்கிய உடல், பார்க்கிற நிலையில் இல்லை, யாரும் திறக்க வேண்டாம் என்றார். கஸ்பார் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பங்குச் சாமியார்கூடக் கேட்கவில்லை.

போன இடத்தில் ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை; ஓடிப்போனவன் என்ற பேச்சு எழாமலிருக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. பெட்டியில் வெறும் மணலை மட்டும் வைத்திருக்க அவர் முட்டாள் இல்லை. தூக்கப்போகிறவர்கள் எல்லாம் துறைமுகத்து ஆட்கள். மூட்டை சுமந்த தோளுக்கு மணல் எது, மனிதன் எது என்று தெரியும். மணல் ஒரு பக்கம் சரியும். நடுவில் நீளமாக, கனமாக ஏதாவது கிடக்க வேண்டும். ஜீப்பின் முன்சக்கரங்களை இழுக்கும் பல்சக்கரங்களையும் அவற்றுக்குப் போகும் இரும்புத் தண்டையும் கழற்றிக் கொடுத்தவர் வண்ணாரப்பேட்டை மெக்கானிக் கிருஷ்ணப்பன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. தண்டை முதுகெலும்புபோல நடுவில் கிடத்தி, பல்சக்கரங்களை நெஞ்சிருக்கும் இடத்தில் வைத்து, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடைத்தார் கஸ்பார். அந்தக் கல்லறைக்கு ஆண்ட்ரூவின் மனைவி எல்சி மாதம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். தன்னையும் அதே குழியில் புருஷனுக்கு மேல் வைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

ஜூடி எழுந்து வந்து கைகளைத் துடைத்தாள். “அப்போ நம்ம வண்டிய பாத்த கிருஷ்ணப்பன் தாத்தா இன்னும் உயிரோடதான் கீறாரு. நாளைக்குப் போய்க் கேட்டா, யாரு எப்போ கழட்டுனதுன்னு சொல்லிடுவாரு. அதே சாமான் கெடச்சா திரும்ப மாட்டிரலாம்.”

“யாரையும் கேக்க வேணாம்,” என்றார் கஸ்பார். “வண்டிய அறுத்துடு. அவன் சொல்ற பக்கியவே கட்டு.”

வல்லரசு வாயைத் திறந்தபடி நின்றான். “இன்னா பெருசு, சுரம் கிரம் அடிக்குதா?”

ஜூடி பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். “சரி. ஆனா அறுக்கறதுக்கு முன்னாடி ஒரே வாட்டி அம்மாவ ஏத்திகினு, அப்பா வண்டிய நிறுத்துன எடத்துக்குப் போய்ட்டு வரலாம்.”

மறுக்க ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்ததோ சொல்ல முடியாத ஒரே காரணம்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அவர்தான் ஓட்டினார். பக்கத்தில் எல்சி. பின்னால் ஜூடி. காத்திவாக்கம் தாண்டியதும் சாலை கரைந்து சாம்பல் வெளி வந்தது. அனல்மின் நிலையத்தின் கழிவுச் சாம்பல் படிந்து படிந்து தரை எது, தண்ணீர் எது என்று தெரியாத வெள்ளை. வெயில் நேராக மேலே நின்றதால் எதற்கும் நிழல் இல்லை. கொக்குகள் உட்காரும் பக்கம்தான் அது, அன்று ஒன்றுகூட இல்லை. கழிமுகம் கண்ணில் படும் தூரத்தில் பின்சக்கரங்கள் புதைந்தன. மிதிக்க மிதிக்கச் சாம்பலை வாரி இறைத்து இன்னும் கீழே போயின.

“மிதிக்காத பெரிப்பா! பலகை எங்கனா கீதா பாத்துட்டு வரேன்,” என்று ஜூடி இறங்கிப் போனாள்.

கஸ்பார் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். காதை அடைத்ததுபோல் அமைதி. எல்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

“மாமா. குழிக்குள்ள பொட்டிய எறக்கும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டுது. இரும்பு சத்தம்.”

அவர் கை சாவியை இறுக்கியது. “அப்பவே ஏன் கேக்கல?”

“நீங்க அப்டி நிமிந்து நின்னுகினு இருந்தீங்க. எப்டிக் கேக்கறது?” அவர் பக்கம் திரும்பி, “அவரு செத்துட்டாரா மாமா?” என்றாள்.

ஆமாம் என்பதை இருபத்தொன்பது வருடங்களாக அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார் கஸ்பார்.

எல்சி தலையை ஆட்டினாள். அழவில்லை. அப்போதுதான் இருக்கைக்கு அடியில், வெகு ஆழத்தில், பல்சக்கரங்கள் பல்லோடு பல் கடிக்கும் ஒலி கேட்டது. வண்டி ஒருமுறை குலுங்கியது. கஸ்பார் எட்டிப் பார்த்தார். முன்சக்கரம் மெல்லச் சுழன்றது. சாம்பலைக் கவ்வியது, விட்டது, மறுபடி கவ்வியது. புதைந்த பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு ஜீப் பள்ளத்திலிருந்து ஏறியது. அவர் பிரேக்கை மிதித்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நிற்கவில்லை. சாவி அவருடைய உள்ளங்கையில் இருந்தது.

“பெரிப்பா!” தூரத்தில் பலகையைப் போட்டுவிட்டு ஜூடி ஓடிவந்தாள். “முன்வீலு சுத்துது! உள்ள ஒண்ணும் இல்லியே, நான் பாத்தேனே! எப்டி சுத்துது?”

எல்சி அவசரப்படாமல், பேருந்து நிற்குமிடத்தில் இறங்குவதுபோல, நகரும் வண்டியிலிருந்து இறங்கினாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கழிமுகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். கணுக்கால் வரை சாம்பலில் புதைந்தாலும் அவள் நடை தடுமாறவில்லை. அவளுக்குப் பத்தடி பின்னால், அவள் நடக்கும் வேகத்தில், எஞ்சின் சத்தமில்லாமல் ஜீப் போய்க்கொண்டிருந்தது. கஸ்பார் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். அவள் ஒரு குழியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்தாள். அவர் கைக்குள்ளேயே ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது.