சாம்பிராணி காட்டிய நுரையீரல்

அந்தப் படம் கைப்பேசியில் வந்து விழுந்தபோது பூர்ணிமா குடவாசலில், அம்மா வீட்டில், சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

படத்தில் இன்குபேட்டர். தஞ்சாவூர் ஆய்வகத்தில் செல்களை வளர்க்க அவள் உயிரைக் கொடுத்துக் காத்துவரும் வெப்பப் பெட்டி. நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை. இருபுறமும் வாழைக்கன்று. நிர்வாக அலுவலர் தியாகேசன் எழுதியிருந்தார்: 'ஆயுத பூஜை இனிதே நிறைவுற்றது.'

எல்லாம் சரி. வெப்பநிலை காட்டும் சிவப்பு எண்கள் எங்கே?

திரை இருட்டாக இருந்தது! உடனே அவரைப் போனில் பிடித்தாள்.

"சார், மிஷினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பின்னே? ஆயுதத்துக்கு இன்னைக்கு ஓய்வும்மா. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டு ஆன் பண்ணிக்கலாம். ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுவச்சிருக்கேன். பால் கெட்டுடும்ல?"

"பால் கெடும்னு தெரியுது. உசிரோட இருக்கிற செல் கெடும்னு தெரியலையா? ஆன் பண்ணுங்க!"

"நல்ல நாளும் அதுவுமா கத்தாதீங்கம்மா."

"ஆன் பண்ணுங்க சார்!"

அந்தப் பெட்டிக்குள் இருந்தது தமிழ்நிலாவின் நுரையீரல். கடுகு கடுகாக.

தமிழ்நிலாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து மூக்கில் ஆக்சிஜன் குழாய். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுவழுப்பான திரவம் சுரக்க வேண்டும், இவளுக்குச் சுரக்கவில்லை. அவள் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, கருப்பையில் நுரையீரல் எப்படி உருவாகுமோ அதே வரிசையில் மாதக்கணக்காக வளர்த்ததில், இப்போதுதான் அவை குட்டிக் காற்றறைகளாகத் திரண்டிருந்தன. அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் லத்தீஃபாவிடம் இரண்டு மருந்துகள். எது கேட்கும் என்று குழந்தையிடம் விளையாட முடியாது. செல் வளரும் தட்டில் ஊற்றிப் பார்க்கலாம். தட்டு போனால் மறுபடி முதலிலிருந்து. குழந்தை அதுவரை தாங்காது.

பூர்ணிமா பஸ் பிடித்தாள். பஸ்ஸா அது? தேர்! ஓட்டுநர் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நடத்துநரோடு ஒரு படமும் எடுத்துக்கொண்ட பிறகுதான் கிளம்பினார். பூர்ணிமா பல்லைக் கடித்தாள். வேறென்ன செய்வது?

ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். பெட்டியில் சிவப்பு எண்கள் திரும்பியிருந்தன, ஆனால் மூக்கில் அடித்தது. சாம்பிராணி!

"கதவைத் திறந்தீங்களா?"

"தட்டையும் திறந்தேம்மா. உள்ள இருக்கிறதுக்குத்தானே பூஜை? பெட்டிக்குப் புகை காட்டி என்ன பிரயோஜனம்?"

"எல்லாத் தட்டையுமா?"

"மேல் வரிசை மட்டுந்தான். முட்டி வலி, குனிய முடியல. கீழ இருக்கிறதுக்கு நின்னபடியே கும்பிட்டுக்கிட்டேன்."

அந்த முட்டியைக் கட்டிப் பிடித்து அழலாம் போலிருந்தது அவளுக்கு. நுண்ணோக்கியில் மேல்தட்டுகளைப் பார்த்தாள். கரித்துகள் மிதந்தது. குப்பை. கீழ்த்தட்டுகளில், பெட்டி நின்றுபோனதால், திரவம் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. காற்றறைகள் உயிரோடு இருந்தன.

"யார் சார் இந்த யோசனையைக் கொடுத்தது?"

தியாகேசன் வராந்தாவைக் கண்ணால் காட்டினார். பகலவன் நின்றிருந்தான். தமிழ்நிலாவின் அப்பா. கையில் பூக்கூடை.

"பூஜை நல்லபடியா நடந்துச்சா மேடம்? எங்கப்பா சாமியே கும்பிடாதவரு. எனக்கும் பழக்கமில்லதான். பிள்ளைன்னு வந்துட்டா... நான்தான் சாரைக் கெஞ்சினேன். சாம்பிராணி நம்ம வாங்கிட்டு வந்ததுதான்."

திட்டுவதற்காகக் குடவாசலிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அத்தனையும் வீண்.

"உங்க சாம்பிராணியில பாதி செத்துப் போச்சு" என்றாள். "மிச்சத்துல ஒரு மருந்தைத்தான் பாக்க முடியும்."

பகலவனின் முகம் வெளுத்தது. "அப்ப... சாமி முன்னாடி ரெண்டு பூப் பொட்டலம் கட்டிப் போட்டு, எந்த மருந்துன்னு..."

"பேசாம உக்காருங்க!"

டாக்டர் லத்தீஃபாவை அழைத்தாள். அவர் நடந்ததை முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரெண்டாவதைப் போடுங்க. கல்லீரலைப் பதம் பாக்கக்கூடியது அதுதான். கேக்கலைன்னா அந்தப் பக்கமே போக வேண்டாம், முதல் மருந்தை ஆரம்பிச்சிடறேன். கேட்டா, துணிஞ்சு கொடுக்கலாம்."

பூர்ணிமா கையுறையை இழுத்து மாட்டினாள்.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதும்மா" என்றார் தியாகேசன், மெல்ல. "தோஷம்."

"எம் பேர்ல போட்டுக்குங்க" என்று கதவைச் சாத்தினாள்.

வாரக் கடைசியில் நுண்ணோக்கிக்குக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. சுருங்கிக் கிடந்த காற்றறைகள் உப்பத் தொடங்கியிருந்தன. அடுத்த தட்டு. அதிலும். அதற்கடுத்ததிலும்.

"கேக்குது டாக்டர்" என்றாள் போனில்.

"சாயங்காலமே ஆரம்பிக்கிறேன். குழந்தைக்கு எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்."

வராந்தாவுக்கு வந்து பகலவனிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். பிறகு நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்தான். தியாகேசனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பூஜை பலிச்சிருச்சு சார்!"

"சொன்னேன்ல?" என்றார் தியாகேசன்.

பூர்ணிமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.