ஒரு முஷ்டி உயரத்தில் பிறை

ஷஅபான் மாதம் இருபத்தொன்பது. ஓமானின் நிஸ்வா ஊருக்கு மேலே, மலை விளிம்பில், ஜுவைனாவின் தொலைநோக்கியைச் சுற்றி ஊரே நின்றது. இன்று பிறை தெரிந்தால் நாளை ரமலான் நோன்பு.

நானும் ஜுவைனாவும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் படித்தவர்கள். மதிப்பெண்ணில் நான்தான் மேலே. ஆனால் கண்ணுக்கு எட்டாத பிறை கேமராவுக்கு எட்டுமா என்ற கேள்வி அவளுக்குத்தான் தோன்றியது. நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மங்கலெல்லாம் வடிந்து பிறை மட்டும் மிஞ்சும். எத்தனை எளிது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேமராவை எங்கே திருப்புவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

சூரியன் இறங்கும் முன்பே திரையில் பிறை வந்துவிட்டது. வெட்டிப் போட்ட நகம்போல ஒரு கோடு. அவளுக்கு அல்வாத் தட்டை நீட்டினார்கள். எனக்கும் வந்தது. பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

பிறைக்குச் சாட்சி கேட்கும் மார்க்க நீதிபதி, காஜி மட்டும் அசையவில்லை.

"உன் கேமரா அல்லாஹ் மேல சத்தியம் பண்ணுமா, மகளே?"

எல்லோரும் சிரித்தார்கள். சூரியன் மறைந்தபின் ஒரு மனிதக் கண் அதே இடத்தில் பிறையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் இந்தக் கருவியை நம்பலாம் என்று மஸ்கட்டிலுள்ள பிறைக் குழுவுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். இல்லையென்றால் அது பல்கலைக்கழகக் கிடங்குக்குத் திரும்பட்டும்.

சூரியன் மறைந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். காஜிகூடக் கழுத்தை நீட்டினார். ஜுவைனா விரலால் காட்டக் காட்ட, கூட்டம் தலையாட்டியது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. திரும்பி நின்றேன். சும்மா இருக்க முடியாமல் கையை நீட்டி, முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தேன். அதன் மேல் விளிம்பில், சற்று இடப்புறம், என் கணக்கு சொன்ன இடத்தில் பிறை இருந்தது. பிறகு ஒரு மேகக் கீற்று அதை மூடிவிட்டது.

அப்போதுதான் காஜி நிமிர்ந்து, யார் பார்த்தீர்கள் என்று கேட்டார். யாருமே வானத்தைப் பார்த்திருக்கவில்லை. ஜுவைனாவின் முகம் வெளுத்தது.

நான் வாய் திறக்காவிட்டால் போதும். வேறு ஊர்களிலிருந்து மஸ்கட்டுக்குச் சாட்சி போய்விடும், நோன்பு தவறாது. அவள் கருவி மட்டும் கிடங்குக்குப் போகும். அந்த நினைப்பு இனித்தது.

ஆனால் பார்த்தவள் நான். அந்த மலையில் நான் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

"நான் பாத்தேன், ஷேக்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

எங்கே என்று கேட்டார். முஷ்டியை நீட்டிக் காட்டினேன். திரையிலிருந்த கோணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டார். தொலைபேசியில் மஸ்கட்டிடம் என் பெயரைத் தகப்பன் பெயரோடு உரக்கச் சொன்னார்: ரய்யா பின்த் முஹன்னா. கருவியைப் பற்றி எழுதுவதாகவும் சொன்னார், கடைசியில், ஒரு வரியாக.

என்ன கண் இந்தப் பெண்ணுக்கு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அல்வாத் தட்டு இப்போது என் கையில் இருந்தது.

ஜுவைனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணு வருஷமா இதோட நான் மல்லுக்கட்டினேன்டீ. நீ ஒரே ஒரு தடவை திரும்பி நின்னே."

"உன் கேமரா ஜெயிச்சிடுச்சே."

தட்டை அவள் பக்கம் நீட்டினேன்.

"வேண்டாம்," என்றாள். "பல்லு வலிக்குது."