பீப்பாய் திறக்கும் சனிக்கிழமை

பொன்னுராஜின் கடிதம் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. கோழியை உயிரோடு கொண்டுபோவதா, உப்புக்கண்டம் போட்டுக் கொண்டுபோவதா என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. அழகுமலையின் பருத்திக் கிட்டங்கியில் மூட்டைமேல் உட்கார்ந்து மலைச்சாமி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தான் என்பதும் சரியில்லை. காது மட்டும் அங்கே இருந்தது.

பொன்னுராஜ் அவனோடு உத்தமபாளையத்தில் ஐந்தாவது வரை படித்து, பிறகு மேலே படிக்கப் போனவன். இப்போது குமுளிக்கு மேலே, வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டராக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், சீமைச் சரக்கு எதுவும் வராமல் தோட்டத்துத் துரை தவித்துப்போனார். மலைச்சாமி தன் கொடியிலிருந்து எட்டுக் கூடை பன்னீர் திராட்சை அனுப்பிவைத்தான். துரை அதைப் பிழிந்து பீப்பாயில் ஊற்றி மூடினார். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திறக்கப் போகிறார் என்று பொன்னுராஜ் எழுதியிருந்தான். திங்கட்கிழமை துரை ஒரேயடியாகத் தன் நாட்டுக்குக் கிளம்புகிறார். பழம் தேறும் என்று பட்டால், ஒயின் போடும் கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு மலைச்சாமியின் தோட்டத்தைப் பற்றிக் கடிதம் எழுதித் தருவார். பயிரிட்டவனும் வந்து ருசிபார்க்க வேண்டுமாம். ருசி தெரிந்த சிநேகிதர்கள் இருந்தால் கூட்டிவா, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றும் எழுதியிருந்தான்.

துரை தரப்போகும் அந்தக் கடிதம் எவ்வளவு அவசியம் என்பது மலைச்சாமிக்குத் தெரியும், அவன் அண்ணன் சுருளியாண்டிக்கும் தெரியும். மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பழம் அழுகிப்போகிறது. மூன்று வருஷமாக அண்ணன் அந்தக் கொடிகளைக் கண்கொண்டு பார்ப்பதில்லை. இப்போது முடிவாகச் சொல்லிவிட்டார்: “தொரை காயிதத்தோட வா, கொடி நிக்கட்டும். வெறுங்கையோட வந்தே, வைகாசியில அம்புட்டையும் வெட்டிப்புட்டுப் பருத்தி வெதச்சுருவேன்.”

பதினோரு வருஷத்துக் கொடி. அந்தப் பந்தலுக்கடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால் யாரும் அவனைப் பேசச் சொல்வதில்லை. ஊரில் அவனுக்கு அப்படி வேறு இடம் கிடையாது.

தனியாகவே போயிருக்கலாம். ஆனால் மலைச்சாமி கள்ளையே நாக்கில் வைத்து அறியாதவன். துரை முன்னால் நின்று எதைக் குடித்து எதைச் சொல்வது? அந்தப் பயத்தில்தான் மூன்று பேரிடம் வாயைத் திறந்தான். ஒச்சாண்டி பட்டாளத்தோடு இத்தாலி வரை போய், அங்கே தண்ணீருக்குப் பதில் ஒயினைக் குடித்ததாகச் சொல்லிக்கொள்பவன். அழகுமலையிடம் கார் இருந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு என்பதால் பின்பக்கம் கரி உலை வைத்து ஓட்டும் கார். ஏலக்காய் வியாபாரி கருத்தக்கண்ணனுக்கு மலைப்பாதையும் மலையாளமும் அத்துப்படி.

முதல்நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் கருத்தக்கண்ணன், அவ்வளவு தூரம் போய்விட்டுத் தேக்கடித் தண்ணீரில் படகு ஏறாமல் வருவதா என்றான். படகு என்றதும் அழகுமலைக்கு நீச்சல் தெரியாதது ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு சாயங்காலம் போயிற்று. குமுளி ஏற்றத்தில் கரி வண்டி திணறினால் யார் இறங்கித் தள்ளுவது என்பதற்கு இன்னொரு சாயங்காலம். கார்க்காரன் தள்ள மாட்டான், வழி சொல்பவன் முன்னால் உட்கார வேண்டும், பட்டாளத்துக்காரனுக்கு முழங்காலில் குண்டுக் காயம். மிச்சம் மலைச்சாமி. அவனும் சரியென்று தலையாட்டினான். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சு முடியவில்லை. மலையில் அட்டை கடித்தால் புகையிலையா சுண்ணாம்பா, கம்பளி இரவல் வாங்கினால் போதுமா என்று இழுத்துக்கொண்டே போனார்கள். ஒச்சாண்டி நடுநடுவே எழுந்து நின்று, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சி, ஒயினை எப்படிக் குடிப்பது என்று காட்டினான்.

பீப்பாயைப் பற்றி யாரும் பேசவில்லை. துரை கப்பலேறுவதைப் பற்றியும் பேசவில்லை. சனிக்கிழமை என்ற சொல்லையே மூன்று நாளாகக் கேட்கவில்லை என்று மலைச்சாமி ஒருநாள் எண்ணிப் பார்த்தான்.

இதற்கிடையில் காளியம்மன் திருவிழாச் சாட்டு வந்தது. செவ்வாய்க்கிழமை பொழுதுசாயக் காப்புக் கட்டு. அந்த ஊர் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூசாரி கையில் காப்புக் கட்டிக் கொட்டு முழங்கும்போது எல்லைக்கல்லுக்கு உள்ளே இருப்பவர்கள், எட்டாம் நாள் பொங்கல் முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் இருட்டுமுன் ஊருக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் வீட்டில் அம்மை இறங்கும் என்பார்கள். கொட்டு முழங்கும்போது வெளியே இருப்பவர்களை அது கட்டாது. அதனால் செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே கல்லைத் தாண்டிவிடுவது என்று நால்வரும் சத்தியம் செய்யாத குறையாக முடிவு செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. கரி ஈரமாக இருந்தது. உலை பற்றவே ஒன்பது மணியாயிற்று. அதற்குள் அழகுமலையின் மனைவி ஜக்கம்மா, திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளைத் தன் தலையில் கட்டிவிட்டு ஊர்சுற்றப் போகிறாரா என்று வாசலில் நின்று கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அவள் சமாதானமாகிச் சோறும் போட்டாள். சாப்பிட்டதும் கருத்தக்கண்ணன் சற்றுக் கண்ணயர்ந்தான். மலைச்சாமி காலையிலிருந்து காருக்குள்ளேயே, மடியில் கால்கட்டிய சேவலோடு உட்கார்ந்திருந்தான். புத்தகத்தை எடுத்தால் சேவல் கொத்திற்று.

கார் எல்லைக்கல்லைத் தாண்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தாண்டிவிட்டோம் என்று அழகுமலை வண்டியை நிறுத்தினான். சேவலைச் சீட்டில் விட்டுவிட்டு மலைச்சாமி இறங்கிக் காலை உதறினான். நெஞ்சுக்குள் இருந்த கல் அப்போதுதான் அசைந்து கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து ஒச்சாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். அவன் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த நாலு கண்ணாடிக் கிளாஸ் வீட்டிலேயே இருந்துவிட்டது. பித்தளைத் தம்ளரில் ஒயின் குடித்தால் துரை நம்மைக் காட்டான்கள் என்று நினைப்பாராம். ஒரே ஓட்டம், இதோ வந்துவிடுகிறேன் என்று முழங்காலில் காயம்பட்டவன் ஊருக்குள் ஓடினான். அரைமணி நேரம் ஆளைக் காணோம். உலையை அணையவிட்டால் மறுபடி பற்றாது, நானே போய் அவனை அள்ளிப்போட்டு வருகிறேன் என்று அழகுமலை காரைத் திருப்பினான். காருக்குள் சேவல் இருந்தது. சேவலை நம்பிக் கொடுக்க முடியாது என்று கருத்தக்கண்ணனும் ஏறிக்கொண்டான்.

மலைச்சாமி மட்டும் நின்றான். கூப்பிட்டார்கள். வரவில்லை என்று கையை ஆட்டினான்.

ரோட்டோரத்தில் நின்று அவன் மேற்கே மலையைப் பார்த்தான். பிறகு ஊரைப் பார்த்தான். யாரையும் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

கொட்டு முழங்கிற்று.

கொஞ்ச நேரம் கழித்துக் கார் வந்தது. கல்லுக்கு நாலடி முன்னாலேயே, ஊர்ப்பக்கமே நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். ஒச்சாண்டியின் கையில் துணி சுற்றிய கிளாஸ்கள் பத்திரமாக இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் வழியில் நிறுத்தி, தேர்க்கட்டைக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார்களாம். மறுக்க முடியவில்லையாம்.

“இப்ப என்ன கெட்டுப்போச்சு? நீயும் இங்கிட்டு வந்துரு மாப்ளே. பொங்கல் முடிஞ்சதும் நாலு பேருமாப் போவோம். பீப்பாய ஒரு வாரம் கழிச்சுத் தெறக்கச் சொல்லித் தொரைக்குத் தந்தி குடுப்போம். சாமி காரியம்னா அவுகளுக்குத் தெரியாதா?” என்றான் கருத்தக்கண்ணன்.

“தொரை திங்கக்கெழம கப்பலுக்குப் போறாக,” என்றான் மலைச்சாமி.

அப்படியா என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை முதல்தடவையாகக் கேள்விப்படுகிறவர்களின் பார்வை அது.

ஒரு எட்டு வைத்தால் போதும், உள்ளே போய்விடலாம். அந்த எட்டை வைக்க மலைச்சாமியின் காலுக்கு ஆசைதான். தனியாகப் போய் அந்தத் துரைக்கு முன்னால் ஊமையாக நிற்கும் கஷ்டம் இல்லை. நாளை அண்ணனிடம், இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு காரணம் சொல்லலாம். நல்ல காரணம், ஊரே ஒத்துக்கொள்ளும். வைகாசியில் கொடியையும் வெட்டிவிடுவார்கள்.

“ஒம்பது நாளு நீங்க பேசுனீக, நான் வாயத் தெறக்கல. இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தச் சேவல நீங்களே அடிச்சுத் தின்னுங்க. நான் போறேன்.”

நடக்க ஆரம்பித்தான். சட்டென்று சுழற்று, மெதுவாக மோந்து பார், பல்லில் படாமல் குடி என்று ஒச்சாண்டி கல்லுக்கு அந்தப்பக்கம் நின்று கத்திக்கொண்டேயிருந்தான். கம்பம் போகும் மாட்டுவண்டி ஒன்று அகப்படும்வரை அந்தக் குரல் கேட்டது.

மறுநாள் பஸ்ஸில் மலை ஏறிப் பொன்னுராஜின் லயத்து வரிசை வீட்டில் சனிக்கிழமை வரை பேசாமல் இருந்தான். பொன்னுராஜும் அதிகம் பேசுபவனில்லை. மழை பெய்தது. அந்த மூன்று நாளும் மலைச்சாமிக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பங்களா வராந்தாவில் பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே பீப்பாய் இருந்தது. துரை வயதானவர், மெலிந்தவர். குழாயைத் திருகி இரண்டு கிளாஸில் பிடித்தார். ஒன்றை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, பக்கத்தில் இருந்த பேசினில் துப்பினார். மலைச்சாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. துப்புவதைப் பற்றி ஒச்சாண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் சுழற்றவுமில்லை, மோந்து பார்க்கவுமில்லை. குடித்தான். முதலில் புளிப்பு, பிறகு தொண்டையில் சூடு. அதெல்லாம் போனபின்பு நாக்கின் ஓரத்தில் ஒரு பச்சை வாடை நின்றது. அது அவனுக்குத் தெரிந்த வாடை. காயைக் கடித்தால் விதைக்குள்ளிருந்து வருவது.

எப்படி இருக்கிறது என்று துரை கேட்டார். பொன்னுராஜ் தமிழில் கேட்டான். கீழே கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசுச் சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது. ஒச்சாண்டி வந்திருந்தால் இதற்குள் ஆகா என்றிருப்பான். ஆகா என்று சொல்லிவிட்டால் கடிதம் கிடைத்துவிடவும் கூடும்.

“பழம் பழுக்கல,” என்றான். “பத்து நாள் முந்தியே வெட்டிட்டோம். அந்த வாரம் விட்டா வண்டி கெடைக்காதுன்னு எங்க அண்ணன் சொன்னாக. நானும் எதுத்துப் பேசல. கொடி மேல குத்தமில்ல.”

பொன்னுராஜ் தயங்கினான். இதை அப்படியே சொல்லட்டுமா என்று கேட்டான். சொல்லு என்றான் மலைச்சாமி.

துரை கேட்டுவிட்டு மறுபடி ஒரு வாய் எடுத்தார். இந்தத் தடவை துப்பவில்லை. இரண்டு வருஷமாகத் தன் பீப்பாய்தான் சரியில்லையோ என்று கவலைப்பட்டதாகச் சொன்னார். பிறகு மேஜையருகே போய் உட்கார்ந்து எழுதினார். நீளமாக எழுதவில்லை.

வெளியே வந்ததும் பொன்னுராஜ் படித்துக் காட்டினான். ஒயினைத் துரை புகழவில்லை. பழத்தைப் பருவத்துக்கு முன்பே வெட்டியிருக்கிறார்கள், வண்டிக்காக அவசரப்பட்டிருக்கிறார்கள். ஆனால் பயிரிட்டவனுக்கு அது தெரிந்திருக்கிறது, அவனே கொடியில் பழுக்கவிட்டு வெட்டினால் வாங்கத் தகுந்த சரக்கு. அடுத்த மகசூலைக் கம்பெனி எடுத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஒரு மகசூல்.

மலைச்சாமி கடிதத்தை வாங்கி மடித்தான். திரும்பவும் பிரித்து, இதைத் தமிழில் அடியிலேயே எழுதிக் கொடு என்றான். ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் ஒச்சாண்டி ஒருத்தன்தான். கிட்டங்கியில் வைத்து அவன் படித்துச் சொன்னால் ஒன்பது நாள் ஆகும்.

பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். பாதியில் நிறுத்தினான்.

“வண்டி வெவகாரத்த விட்ரட்டுமா? அண்ணனுக்குச் சுருக்குன்னு இருக்குமே.”

அண்ணன் முகம் மலைச்சாமிக்குத் தெரிந்தது. சாவடியில் நாலு பேர் கேட்க அதைப் படிக்க வேண்டி வரும். கோபத்தில் அன்றைக்கே அரிவாளை எடுத்தாலும் எடுப்பார். விட்டுவிட்டால் அந்த மகசூலையும் வண்டி கிடைத்த நாளில் வெட்டச் சொல்வார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பொன்னுராஜ் மை காயாமல் இருக்கப் பேனாவை உதறிக்கொண்டு காத்திருந்தான்.

“எழுது,” என்றான் மலைச்சாமி.