பச்சைப் பட்டனைத் தட்டியது யார்?

திரையில் ஒரு குடை.

சாதாரணக் கறுப்புக் குடை. ஆன்லைன் வகுப்பின் டீச்சர் அந்தப் படத்தைக் காட்டி, புதிய மொழியில் "இது என்ன?" என்று கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

அடுத்த படம், ஸ்பூன். அதுவும் வரவில்லை.

அதற்கடுத்தது தலையணை. தினமும் தலை வைத்துப் படுக்கிற சாமான். ம்ஹூம்.

டீச்சர் தமிழுக்கு இறங்கி வந்தாள். "என்ன சார், விளையாடுறீங்களா? இந்த வாரக் கடைசியில உங்களுக்குத் தேர்வு. இது ஒத்திகைதானேன்னு அலட்சியமா?"

"இல்லை டீச்சர். இந்த வார்த்தையெல்லாம் பாடத்துல ஒரு தடவை பார்த்ததோட சரி. அப்புறம் ஆப்ல வரவே இல்லையே."

"வரலையா? இருங்க." கீபோர்டு தடதடத்தது. "உங்க கணக்குல எல்லாம் பளிச்சுனு இருக்கே. குடை, நன்றாகத் தெரியும். ஸ்பூன், நன்றாகத் தெரியும். தலையணை, நன்றாகத் தெரியும். நீங்கதான் பச்சைப் பட்டனைத் தட்டியிருக்கீங்க."



அவன் தட்டவில்லை. தட்டியதாக ஞாபகம் இல்லை. இரண்டில் எது?

மனைவி கடல் தாண்டிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மகளையும் கையோடு கூட்டிப் போய்விட்டாள். அவன் போய்ச் சேர வேண்டுமானால் அந்த நாட்டு மொழியில் ஆரம்ப நிலைத் தேர்வில் தேறியாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் விட்டால் குடும்ப விசா விண்ணப்பம் காலாவதி. மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். எத்தனை வருஷம் ஆகும் என்று விசா அலுவலகத்தில் கேட்டான். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தாள். அவ்வளவுதான் பதில்.

அதனால்தான் இந்தக் கோர்ஸ். வாராவாரம் வீடியோ பாடம். பாடத்தில் வந்த வார்த்தைகள் மறுநாள் காலையிலிருந்து ஆப்பில் அட்டை அட்டையாக வரும். தெரியவில்லை என்றால் சிவப்புப் பட்டன். கொஞ்ச நேரத்தில் அதே அட்டை திரும்ப வந்து கழுத்தைப் பிடிக்கும். நன்றாகத் தெரியும் என்றால் பச்சை. அட்டை ஒதுங்கிக்கொள்ளும், மாதக்கணக்கில் முகம் காட்டாது. பாக்கி எவ்வளவு என்பது மேல் மூலையில் சிவப்பு எண்ணாக மின்னும்.

அந்தச் சிவப்பு எண் மனைவியின் போனிலும் மின்னும். அவளே கேட்டு இணைத்துக்கொண்ட வசதி.

ஆரம்பத்தில் அதனால் தினம் ஒரு ரகளை.

"ஏங்க, பாக்கி மலை மாதிரி நிக்குது. என்னதான் பண்றீங்க?"

"லிஃப்ட் போற ஷாஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டிருந்தேன். கயிறு ஒரு கையில, அகராதி ஒரு கையிலயா?"

"வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நான் புள்ளைகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அழுகை. போன் கட்.

பிறகு மழைக்காலம் வந்த சமயத்தில் அந்த எண் தானாகச் சரியத் தொடங்கியது. மாலையில் வேலை முடிந்து ஆப்பைத் திறந்தால் ஒரு கைப்பிடி அட்டைகள்தான் மிச்சம் இருக்கும். 'கற்கக் கற்கச் சுமை குறையும்' என்று கோர்ஸ் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். மூளை ஒரு வழியாகப் படிந்துவிட்டது என்று அவன் நம்பினான். போனில் மனைவி சிரித்தாள். 'என் தங்கம்' என்றுகூட ஒரு நாள் சொன்னாள்.

இப்போது குடைக்கு வார்த்தை தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்குவதற்கு முன், மேலே மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். பூட்டினான். படியிறங்கி வந்தான். பூட்டினோமா? மறுபடி ஏறினான். பூட்டியிருந்தது. இறங்கினான். பாதிப் படியில் மறுபடி நின்றான்.

கூட வேலை செய்யும் 'ஸ்பானர்' தரைத்தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். "அண்ணே, லிஃப்ட் ரிப்பேரா, இல்லை உங்க முழங்காலுக்குப் பயிற்சியா?"

"ஒரு சந்தேகம்டா. அடிக்கடி மறக்கற மாதிரி இருக்கு."

"மறதியா? என்கிட்ட டீக்கு கைமாத்து வாங்கினீங்களே, அது ஞாபகம் இருக்கா?"

"நான் எப்படா வாங்கினேன்?"

"வாங்கலை. சும்மா சோதிச்சேன். உங்க மண்டை கல்லு மாதிரி இருக்குண்ணே, இறங்குங்க."

அவன் சிரிக்கவில்லை. செய்த காரியத்தைச் செய்ததாகவே தெரியாமல் போகிற மண்டை இந்தக் குழிக்குள் இறங்கலாமா? சுவிட்ச் பூட்டாத ஒரு நாள் போதும். மேலே இருந்து லிஃப்ட் பெட்டி வந்து தலையில் உட்கார்ந்துவிடும்.

முற்பகல் இடைவேளையில் டூல் பாக்ஸைத் திறந்து போனை எடுத்தான். டீச்சரிடமிருந்து குரல் செய்தி.

"சார், உங்க பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். பச்சை விழறது எல்லாம் காலை நேரத்துல, நீங்க வேலைக்குப் போன பிறகு. அதுவும் படபடபடன்னு. ஒரு அட்டையைப் படிக்கிற நேரம்கூட எடுத்துக்கலை. இன்னைக்கும் விழுந்துட்டே இருக்கு. இப்போ நீங்கதான் தட்டிட்டிருக்கீங்களா?"

இப்போ?

போன் அவன் கையில் இருந்தது. அவன் தொடவில்லை. ஆனால் திரையின் மூலையில் சிவப்பு எண் குறைந்தது. இன்னும் ஒன்று குறைந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து எண்ணி எடுப்பதுபோல, குறைந்துகொண்டே போனது.

"ஸ்பானர், இங்க பார்த்துக்க. வந்துடறேன்."

"எங்கண்ணே, டீக்கா? எனக்கும் ஒண்ணு!"

அதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சத்தமில்லாமல் தள்ளினான். ஜன்னல் ஓரம், நாற்காலியில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு மாமனார். மனைவியின் அப்பா. மகள் போன பிறகு மாப்பிள்ளையோடுதான் ஜாகை. மடியில் பழைய டேப்லெட், பேத்தியிடம் முகம் பார்த்துப் பேசுவதற்காக அவன் வாங்கிக் கொடுத்தது. அதில் கோர்ஸ் ஆப்பையும் தன் கணக்கில் ஒரு நாள் திறந்து, மூடாமல் விட்டிருந்தான்.

அவருடைய ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. பச்சை. பச்சை. பச்சை.

"மாமா."

நிமிர்ந்தார். முகத்தில் திருட்டு முழியே இல்லை. "வாங்க மாப்பிள்ளை! சாப்பிடவா? இதோ, இன்னும் நாலே நாலு. முடிச்சிட்டு வந்துடறேன்."

"எதை முடிச்சிட்டு?"

"சிவப்பைத்தான்." பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். "உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சுடுவேன். முழுசா நான் எடுத்துக்கிட்டா உங்களுக்குப் படிக்க வேணாமா?"

 நோய் இல்லை, மறதி இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? நான் தபாலாபீஸ்ல கடுதாசி பிரிக்கிற சார்ட்டிங்ல இருந்தவன். தட்டுல ஒரு கடுதாசி கிடந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன், உங்க அத்தையைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. இந்த எண்ணு கூடினா அங்க அவ அழறா. இங்க நீங்க சோத்தைப் பாதியில வச்சுட்டு எழுந்துடறீங்க. பச்சையைத் தட்டினா குறையுதுன்னு பார்த்தேன். தட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சுப் பேச ஆரம்பிச்சீங்க. விட முடியுமா?"

அவன் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"மாமா, நீங்க எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டீங்க. ஆனா ஒண்ணுகூட எனக்கு வந்து சேரலை."

அவருக்கு அந்தத் தபாலாபீஸ் பாஷை புரிந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"திருப்பிக் கொண்டு வர முடியாதா மாப்பிள்ளை?"

டீச்சருக்குப் போன் போட்டான். "திருப்பலாம் சார். ஆனா காலையில விழுந்ததை மட்டும் தனியாப் பிரிச்சுத் திருப்ப ஆப்ல வழியில்லை. எல்லாமே ஒட்டுமொத்தமா வந்து கொட்டும். இருக்கிற நாளுக்குள்ள..." 

திருப்பினான். சிவப்பு எண் ஆயிரத்தைத் தாண்டிப் போய் நின்றது.

நின்ற கையோடு போன் அலறியது. மனைவி.

"ஏங்க, என்னங்க இது? நேத்துவரைக்கும் சுத்தமா இருந்தது! ஆப்ல கோளாறா?"

மாமனார் எழுந்து நின்றார். டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அதிகாரி முன்னால் நிற்பதுபோல.

அவள் கோபம் சாதாரணக் கோபம் அல்ல. சத்தம் போடுகிற வரை பயமில்லை. வாயை மூடிக்கொண்டால் ஆயுசுக்கும் மூடிக்கொள்வாள். கூடப் பிறந்த அண்ணனோடு அவள் பேசி வருஷக்கணக்கு ஆகிறது. இந்த மனிதருக்கோ காலையில் எழுந்திருக்கிற காரணமே அந்த டேப்லெட்டில் தெரியும் இரண்டு முகங்கள்தான்.

"கோளாறு இல்லை," என்றான். "நான்தான். படிக்காம பச்சையைத் தட்டிட்டே வந்தேன். நீ திட்டுவியேன்னு."

எதிர்முனையில் ஒரு பாத்திரம் எங்கோ வைக்கப்படும் சத்தம்.

"இத்தனை மாசமாவா?"

"ம்."

"நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேங்க. வந்துடுவாருன்னு. புள்ளை ஸ்கூல்ல படம் வரைஞ்சு ஒட்டியிருக்கா. மூணு பேரு."

"இன்னும் நாள் இருக்கு. படிச்சுடறேன்."

"படிங்க." போன் அணைந்தது.

படித்தான். ஷாஃப்ட்டுக்குள் ஹெல்மெட்டோடு முணுமுணுத்தான். ஸ்பானர் எதிரில் நின்று படங்களைக் காட்டினான். மாமனார் எந்தப் பட்டனையும் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். ஆனால் அவசரத்தில் அள்ளிக் கொட்டியது தங்குமா? நாற்காலியைப் பிடித்தால் மேஜை நழுவியது. மேஜையைப் பிடித்தால் ஜன்னல்.

தேர்வு அறையில் எழுதுகிற பகுதியை ஒப்பேற்றினான். பிறகு பேச்சுத் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள், இந்தப் பக்கம் அவனும் இன்னொரு பெண்ணும். பெயர், வயது, வேலை எல்லாம் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். ஒரு படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். மழை, பஸ் நிறுத்தம், கையில் ஏதோ பையோடு ஒரு ஆள். அந்த ஆளிடம் ஒரு உதவி கேட்க வேண்டும்.

மழை தெரிந்தது. பஸ் தெரிந்தது. கேட்பதற்கான வார்த்தை மட்டும் எந்த மூலையிலும் இல்லை.

அதிகாரி காத்திருந்தார். நல்ல மனிதர். இன்னொரு படத்தை நகர்த்தினார். அதிலும் அவன் பாதியில் நின்றான். பக்கத்திலிருந்த பெண் மேஜைக்கடியில் விரல்களால் ஏதோ சைகை காட்டினாள். அதுவும் புரியவில்லை. "நன்றி" என்றார் அதிகாரி. அந்த வார்த்தை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முடிவு போனுக்கே வந்தது. தேறவில்லை. தொடர்ந்து, விசா அலுவலகத்தின் இன்னொரு செய்தி: விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.

மனைவியை அழைத்தான். சொன்னான். அவள் அழவில்லை, திட்டவில்லை. "சரி" என்றாள். அந்தச் சரிதான் அவன் பயந்த சரி.

மாமனார் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அம்மாடி, அப்பா பேசறேன். அவர் மேல தப்பே இல்லை. பச்சையைத் தட்டினது நான். அவர் வேலைக்குப் போனதும் தினமும் நான்தான் உட்கார்ந்து தட்டினேன். நீ அழக்கூடாதுன்னு தட்டினேன்."

 ஸ்பீக்கரில் அவள் களைத்த குரல்.

"அப்பா. அவருக்காக நீங்க ஏன் பொய் சொல்றீங்க?"

"பொய் இல்லைம்மா!"

"உங்களுக்கு அந்த ஆப்பைத் திறக்கவே தெரியாது. வீடியோ கால் எடுக்கவே புள்ளைதான் இங்கிருந்து சொல்லித் தரா. அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார்ப்பா. இப்போ தோத்த பிறகு உங்களை முன்னால தள்ளுறாரா?"

"மாப்பிள்ளை, சொல்லுங்க! நீங்களாவது சொல்லுங்க!"

அவன் போனுக்கு நேரே குனிந்தான். "அவர் சொல்றது நிஜம். நான் அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"ஓ. அன்னைக்குப் பொய், இன்னைக்கு நிஜம்."  "அப்போ நாளைக்கு எது? ரெண்டு பேருமா உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு."

போன் அணைந்தது.

மாமனார் மறுபடி அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். இப்போது மணிகூடப் போகவில்லை. டேப்லெட்டை எடுத்து அதிலிருந்து முயன்றார். அவருடைய முகமே திரையில் பெரிதாக வந்து நின்றது.

"எந்தப் பட்டன் மாப்பிள்ளை? எதைத் தட்டினா அவ எடுப்பா?"

அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.