சத்தம் வராத ஹெட்போன்

ஹெட்போன் பின்னை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஒரு காதில் மட்டும் கேட்டது. விட்டால் கரகரவென்று இழுத்து நின்றுபோனது. நாகவல்லி ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து, பின்னுக்கும் லேப்டாப்பின் விளிம்புக்கும் நடுவே செருகிப் பார்த்தாள். சத்தம் வந்தது. வாங்கிய மறுவாரமே வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சேலத்திலிருந்து யாரோ ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நான் எத்தனை தடவைதான்" என்பதோடு அவள் குரல் அறுந்தது. டிக்கெட் நழுவி மடியில் விழுந்தது.

அம்பத்தூரில் இருந்த ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கேட்டு எழுதித் தருவதுதான் அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் லேப்டாப் கம்பெனியுடையது. ப்ளூடூத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள், பென்டிரைவ் செருகும் இடத்தையும் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்தவர் குரல் வெளியில் கேட்கக் கூடாது என்பதால் ஸ்பீக்கருக்கும் அனுமதி இல்லை. மிச்சமிருந்தது ஹெட்போன் மாட்டும் அந்தச் சின்ன ஓட்டை ஒன்றுதான். அதையும் நேற்று அவள் புருஷன் பரந்தாமன் உடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை ராதிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஹாலில் மேஜை இருந்தால் நன்றாக இருக்காது என்று, நாகவல்லி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் லேப்டாப்போடு மேஜையைப் படுக்கையறைக்கு இழுத்திருக்கிறான். ஒயர் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருக்கிறது. கழற்றாமல் இழுத்திருக்கிறான்.

"ஒரு ஓட்டைதானே, அதுக்குப் போய் இப்படி மூஞ்ச தூக்கி வெச்சிகினுகீறே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் ராத்திரி முழுக்க அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அவனுடைய பைக்கில் யாராவது ஒரு கீறல் போட்டிருந்தால் அவர்கள் குடியிருந்த முத்தாபுதுப்பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பான்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தாள். வேறு ஹெட்போன் மாட்டிப் பார்த்தாள். பின்னை மெல்லத் திருகினாள். உள்ளே ஏதோ தளர்ந்து ஆடுவது விரலுக்குத் தெரிந்தது. கடைசியில் கம்பெனியின் சப்போர்ட் ஆளுக்கு சாட்டில் எழுதினாள். திங்கட்கிழமை நேரில் கொண்டு வாருங்கள், அதுவரை லீவு போட்டுக்கொள்ளுங்கள், சேதம் எப்படி நேர்ந்தது என்று விளக்கம் தேவை என்று பதில் வந்தது. என்ன விளக்கம் எழுதுவது? என் புருஷன் என்னைக் கேட்காமல் இழுத்தான் என்றா? செத்துப்போன ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் மாமியார் ராஜகுமாரியும் பரந்தாமனும் அறைக்குள் வந்தார்கள். பரண் மேலிருந்த எவர்சில்வர் தட்டுகளை எடுக்க அவன் ஸ்டூல் மேல் ஏறினான். இருவரும் இவள் பக்கம் பார்க்கவில்லை. காதில் அது இருந்தால் நாகவல்லி அந்த வீட்டில் இல்லாதவள் மாதிரிதான். பழகிப்போன விஷயம். அவளை வைத்துக்கொண்டே எத்தனையோ பேசியிருப்பார்கள் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"திரும்ப போன் பண்ணானாடா அவன்?" மாமியார்.

"காத்தால பண்ணான். கண்ண தொறந்துட்டாராம். பேச்சுதான் வரலியாம். ஒரு பக்கம் கையி தூக்க முடியலன்றான்."

"ஐயோ பாவம். இருந்தாலும் இப்ப இவகிட்ட சொல்லித் தொலைக்காத. சொன்னா பைய தூக்கிகினு அரக்கோணம் கிளம்பிடுவா. நாளைக்கு வர்றவங்களுக்கு யார்டா செய்யறது? நல்ல காரியம் நடக்கற ஊட்ல இவ அழுதுகினு நின்னா நல்லாவா கீது?"

"நாளைக்கு அவங்க போனதும் சொல்லிடறேன்மா. அரக்கோணம் இன்னா அமெரிக்காவா? தட்ட புடி."

அரக்கோணத்தில் அவளுக்கு இருந்தது அப்பாவும் அண்ணனும் மட்டும்தான். ஒரு நிமிடம் கீபோர்டின் மேல் அவள் விரல்கள் அப்படியே நின்றன. பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.  

"எங்கப்பாவுக்கு என்னாச்சு?"

ஸ்டூல் மேலிருந்து பரந்தாமன் திரும்பினான். கையில் தட்டு அடுக்கு. அவன் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "உனக்குக் கேக்குதா?"

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கக் கூடாத நேரத்தில் அவள் கேட்டுவிட்டாள் என்பதுதான் அந்த முகத்தில் இருந்தது.  ஸ்டூலை ஒரு உதை விட்டால் என்ன என்று நாகவல்லி நிஜமாகவே தன் காலைப் பார்த்தாள்.

"வாய் இழுத்துக்கிச்சாம்மா, இப்ப தேவலையாம்" என்று மாமியார் தோளைத் தொட வந்தாள். "நீ பதறிடுவேன்னுதான்..."

"தொடாதீங்க அத்தே."

பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, ஹாலில் ராதிகா காலை நீட்டி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "அண்ணி, ஒரே ஒரு நாள்தானே" என்றாள், தலை நிமிராமலே. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாமல் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். செருப்பை மாட்டும்போது பரந்தாமன் வாசலுக்கு வந்து, "சொன்னா கேளு, நாகு, நானே கூட்டிகினு போறேன்" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷனுக்குப் போய் அரக்கோணம் வண்டியைப் பிடித்தாள். திருநின்றவூர், திருவள்ளூர் என்று வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் பெயர். எடுக்கவில்லை. எடுத்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அரக்கோணம் அரசு ஆஸ்பத்திரியில் மாடி வராந்தாவில் அண்ணன் தேவா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் லீவு குடுத்தாங்களா?" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன லீவு?"

"புதன்கிழமை ராத்திரியே மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். உனக்கு எல்லாம் தெரியும், கம்பெனில வுடல, நீ ஞாயித்துக்கிழமை வருவேன்னாரு. நீ அழுதுகினே வேல பாக்கற, உன் நம்பருக்குப் பண்ணி இன்னும் கஷ்டப்படுத்தாதன்னாரு. சரி, அப்பனவிட வேலதான் பெருசுன்னா நான் எதுக்கு உன்ன கூப்புடறதுன்னு வுட்டுட்டேன்." வார்டுக் கதவைக் காட்டினான். "காத்தால கண்ண தொறந்ததுலேர்ந்து அப்பா வாசலையே பாத்துகினு கெடந்தாரு. நீ ஞாயித்துக்கிழமதான் வருவேன்னு சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. அதுக்கப்பறம் யார் கூப்ட்டும் திரும்பல."

 வழியெல்லாம் நாகவல்லி சுமந்து வந்த கோபம் மறைத்த ஒரு விஷயத்தின் மேல் மட்டும்தான். இது அதோடு நிற்கவில்லை. அவள் பெயரில் அவளுக்கே தெரியாமல், தெரிந்தும் வராத ஒருத்தியைப் பரந்தாமன் உண்டாக்கி, அவளை அப்பாவின் கட்டிலுக்கு அனுப்பியிருக்கிறான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளிடமிருந்துதான்.

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்ணா. அதுவும் அவங்க சொல்லல" என்றாள். தேவா நம்பியும் நம்பாமலும் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

கையில் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, உள்ளங்கையில் வைத்து, அண்ணன் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"நாகு, ஆஸ்பத்திரி போய்ட்டியா? மாமா எப்டி கீறாரு?" பரந்தாமனின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"புதன்கிழமை எங்கண்ணங்கிட்ட என்ன சொன்ன நீ?"

அந்த 'நீ'யில் தேவாவின் தலை நிமிர்ந்தது.

"இன்னா சொன்னேன்? அதான் அப்பறம் பேசிக்கலாம்னு..."

"எனக்குத் தெரியும்னு சொன்னியா, இல்லியா? எங்கண்ணன் கேட்டுக்கினு இருக்கான். சத்தமா சொல்லு."

டிரிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போன நர்ஸ் நின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போனில் மிக்சி ஓடுகிற சத்தம் வந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். "வைடா போனை" என்று மாமியார் கிசுகிசுத்தது அத்தனை பேருக்கும் கேட்டது.  தேவா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தங்கையின் பக்கத்தில் நின்றான். உள்ளங்கையில் பரந்தாமன் பெயருக்குக் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாகவல்லி கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றாள்.