காட்டாத பெல்ட்

பல் டாக்டரின் கார் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. மறுநாள் காலை, பழைய கார்களுக்கு மட்டுமான மலைப்பாதைப் பந்தயம். வருஷாவருஷம் விண்ணப்பித்துக் கடைசியில் இந்த முறைதான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இன்று காலை ஷெட்டுக்குள் இஞ்சின் சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தபோது டைமிங் பெல்ட் அறுந்தது.

வேகத்தில் அறுந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அந்த இஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்துபோகிறவை, ஒரே குளியலறையைப் பங்குபோடும் இரண்டு குடித்தனம் மாதிரி. முறை வைத்து அனுப்புவது பெல்ட்டின் வேலை. முறை தவறினால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும். மாற்று இஞ்சின் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டாக்டர் ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை ஏற்றிப் பார்த்தாள். கசியவில்லை. பிழைத்தது.

பெல்ட் வாங்கப் போனவன் அவள் புருஷன், பெயின்ட் மொத்த வியாபாரி. எதையும் பாதி விலைக்குப் பேசி வாங்குவதால் கடைத்தெருவில் அவனுக்குப் பாதிவிலை என்றுதான் பெயர். "பழசக் காட்டி வாங்குங்க" என்று அறுந்த பெல்ட்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள் டாக்டர். பை ஸ்கூட்டரிலேயே தொங்கியது. தேவை தெரிந்தால் விலை ஏறும். தேவையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைவது, அவன் வளர்ந்த வீட்டில், கோவணம் இல்லாமல் தெருவில் இறங்குவதற்குச் சமம். உள்ளே போய் வைப்பர் விலை கேட்டான். ஒரு ஹாரனை அமுக்கிப் பார்த்து முகம் சுளித்தான். "எல்லாம் ஆனை வெல" என்று வாசல்வரை வந்துவிட்டு, போகிற போக்கில் அந்தக் காரின் பெயரைச் சொல்லி, "அதோட பெல்ட்டு ஏதாவது உள்ள தூங்குதா?" என்றான்.

"அந்த இஞ்சினுக்கு ரெண்டு தினுசு இருக்குங்க" என்றார் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர். "பழசு இருந்தா காட்டுங்க, பாத்துத் தர்றேன்."

"பழசா? தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டாரு, அவ்ளோதான். அவசரமில்ல. ரெண்டுல எது கம்மியோ அதக் குடுங்க."

கம்மியானதையும் பாதியாக்கி வாங்கி வந்தான்.

ஷெட்டில் டாக்டர் முழங்கை வரை கருப்பாக இருந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பக்கத்து சீட் அவருக்கு. மாப்பிள்ளையைச் சீண்டுவதில்தான் அவருக்கு டீ இனிக்கும்.

"வாங்க மாப்ளே. பெல்ட்டோட கடைக்காரர் சட்டையையும் கழட்டிட்டு வந்தீங்களா?"

"கழட்டியிருப்பேன் மச்சான், உங்க சைஸ் இல்ல" என்றான் பாதிவிலை. விலையைச் சொன்னான். மச்சான் விசிலடித்தார். அந்த விசில் காதுக்குள் போய் அவனைக் கொஞ்சம் உயரமாக்கியது.

டாக்டர் பற்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்தி, புது பெல்ட்டை மாட்டினாள். இறுக்கிப் பிடிக்கும் உருளையைத் தள்ளினாள். அது கடைசி வரை போய் முட்டி நின்றது. பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினாள். கால் சுற்றில் நிற்க வேண்டியது, இன்னும் கொஞ்சம் திரும்பிக் கொடுத்தது.

"தளர்வா இருக்கே" என்றாள். "பழசக் காட்டித்தானே வாங்கினீங்க?"

மச்சான் டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்தார்.

"பின்ன?" என்றான் பாதிவிலை. "புதுசு அப்படித்தான் இருக்கும். ஓட ஓட உக்காரும்."

பெல்ட் ஓட ஓட நீளுமே தவிர உட்காராது என்பது அவனுக்கே தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, ஸ்பேனர் போட்டு இஞ்சினைக் கையால் சுற்றினாள். தடங்கல் இல்லை. புள்ளிகள் மறுபடி நேராக வந்து நின்றன. பாதிவிலைக்கு மூச்சு வந்தது. உடனே போயிற்று. கையால் சுற்றினால் பெல்ட் சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்டார்ட்டர் பிடித்து இழுக்கும்போது கேட்குமா?

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சாவியை ஒரு படி மட்டும் திருப்பினாள். "அண்ணா, பெட்ரோல் ஒழுகுதான்னு பாரு."

"ஒண்ணும் இல்ல பாப்பா. ஸ்டார்ட் அடி!"

பெட்ரோல் ஏற்றும் பம்ப் டிக் டிக் என்றது. சொல்லிவிடலாம் என்று பாதிவிலை வாயைத் திறந்தான். எதிரே மச்சானின் பல் தெரிந்தது. மூடிக்கொண்டான். ஒருவேளை சரியானதாகவே இருந்தால்? இரண்டில் ஒன்று, பாதிக்குப் பாதி. வாழ்நாள் முழுக்க அவனுக்குச் சோறு போட்ட கணக்கு, இப்போது கட்டுப்படியாகவில்லை.

அவள் கை மறுபடி சாவிக்குப் போனது.

பாதிவிலை பேட்டரி வயரைப் பிடித்து இழுத்தான். வேலைக்காகக் கழற்றித் திரும்ப மாட்டிய வயர், இன்னும் இறுக்காததால் கையோடு வந்தது. பொறி பறந்தது. பம்ப் நின்றது.

"என்ன மாப்ளே, பைத்தியமா?"

"பழசக் காட்டல" என்றான், வயரைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் இறங்கினாள். அறுந்த பெல்ட்டைத் தரையில் நீட்டினாள். புதியதைக் கழற்றி, அதன்மேல் பல்லுக்குப் பல் உருட்டிக்கொண்டே வந்தாள். பழையது முடிந்த இடத்தில் புதியது முடியவில்லை.

"கடைக்காரர் கேக்கவே இல்லையா?"

"கேட்டாரு."

முதல் பதிலைவிட இது கனமாக விழுந்தது. மச்சான் கிண்டல் செய்யக் காத்திருந்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார், டீ ஆறிவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார்.

"ஸ்கூட்டர எடுங்க" என்றாள் டாக்டர். "நானும் வர்றேன்."

கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். பாதிவிலை குனிந்து நுழைந்து, அறுந்த பெல்ட்டை மேஜைமேல் வைத்தான். "இதான் வேணும். இன்னைக்கே வேணும். இல்லன்னா இவளுக்கு நாளைக்குப் பந்தயம் இல்ல." மூன்று வாக்கியம், மூன்றும் நிஜம். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

கடைக்காரர் அளந்து பார்த்து, மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். விலையைச் சொல்லிவிட்டு, அடி விழுவதற்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். பாதிவிலை பர்ஸைத் திறந்தான்.

"இருங்க" என்றார் கடைக்காரர் கலவரமாக. பெல்ட்டைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று முழுக்கத் தடவிப் பார்த்தார். "நல்ல சரக்குதாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை.

ஷெட்டில் உருளை நடுவிலேயே நின்றது. பெல்ட்டை முறுக்கினாள், கால் சுற்றில் நின்றது. கையால் சுற்றிப் பார்த்தாள். வயரை மாட்டி இறுக்கினாள். பிறகு சாவியை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க அடிங்க."

"நானா? எனக்குக் கை நடுங்குது."

"காலைல எனக்கு நடுங்கல. நீங்க காட்டினேன்னு சொன்னீங்க, அதனால."

அவன் உட்கார்ந்தான். கெஞ்சினால் தண்டனையைக் குறைப்பாள் என்று தெரிந்தும் பேரம் பேசவில்லை. சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் இழுத்தது, இருமியது, மறுபடி இழுத்தது. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்பேனரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, மறுமுனையைக் காதெலும்பில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்லும் வரை, அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.